சக இணைப்பு உடன்பாடுகளில் பழுதறி கருவி அணுகல்

சக இணைப்பு உடன்பாடுகளில் பழுதறி கருவி அணுகல் என்பது, இணையத்தில் ஒன்றோடொன்று நேரடியாக இணைந்துகொள்ளும் இரு வலையமைப்புகள், பழுது ஏற்படும்போது தம் பக்கத்திலிருந்தும் சோதனை செய்துபார்க்க மற்றவருக்கு இடமளிக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் குறிக்கும். பிங், டிரேஸ்ரூட், லுக்கிங் கிளாஸ் ஆகியவை இதற்குப் பயன்படும் முதன்மைக் கருவிகள். பெரிய வலையமைப்புகள் பலவற்றின் இணைப்புக் கொள்கைகளில் இந்நிபந்தனை ஏதாவது ஒரு வடிவில் இடம்பெறுகிறது. பார்வைக்குச் சிறிய தொழில்நுட்ப விதியாகத் தோன்றினாலும், ஓர் இணையப் பழுது யாருடைய பக்கத்தில் உள்ளது என்பதை மெய்ப்பிக்கும் வாய்ப்பு இதைப் பொறுத்தே அமைகிறது. செஞ்சி போன்ற சிறு நகரங்களில் இணைய இணைப்பு வழங்கும் சிறிய நிறுவனங்களுக்கும் அவற்றின் வாடிக்கையாளர்களுக்கும் இது குறிப்பாக முக்கியமானது.

சக இணைப்பு

இணையம் ஒரே வலையமைப்பு அன்று. தனித்தனி நிறுவனங்கள் நடத்தும் பல்லாயிரம் வலையமைப்புகள் சேர்ந்ததே இணையம். இவை ஒவ்வொன்றும் தன்னாட்சி அமைப்பு எனப்படுகிறது; ஒவ்வொன்றுக்கும் ஏ.எஸ். எண் என்ற அடையாள எண் உண்டு. எந்த முகவரிகள் எந்த வலையமைப்பில் உள்ளன, அவற்றை எவ்வழியாக அடையலாம் என்ற செய்தியை இவை பி.ஜி.பி. எனப்படும் எல்லை நுழைவாயில் நெறிமுறை மூலம் பரிமாறிக்கொள்கின்றன. இந்நெறிமுறையின் முதல் வரையறை 1989ஆம் ஆண்டு வெளியானது.

இரு வலையமைப்புகள் இருவகையில் இணையலாம். சிறியது பெரியதற்குக் கட்டணம் செலுத்தி உலகின் எல்லா முகவரிகளுக்கும் வழி பெறுவது டிரான்சிட் எனப்படும் கடவு இணைப்பு. தத்தம் வாடிக்கையாளர்களுக்கிடையே மட்டும் போக்குவரத்தை நேரடியாகப் பரிமாறிக்கொள்வது பியரிங் எனப்படும் சக இணைப்பு. சக இணைப்பில் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் பணம் கொடுப்பதில்லை. தொலைவும் செலவும் குறைவது இருவருக்கும் ஆதாயம்.

இந்த உடன்பாடுகளில் மிகப் பெரும்பாலானவை எழுத்தில் இல்லாதவை. பாக்கெட் கிளியரிங் ஹவுஸ் என்ற அமைப்பு 2011ஆம் ஆண்டு 1,42,210 சக இணைப்பு உடன்பாடுகளை ஆராய்ந்தது. அவற்றுள் 99.5 விழுக்காடு கைகுலுக்கல் அளவிலான வாய்மொழி உடன்பாடுகளே. கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லாத இடத்தில், ஒவ்வொரு நிறுவனமும் முன்கூட்டியே வெளியிடும் இணைப்புக் கொள்கையே நடைமுறையில் ஒப்பந்தத்தின் இடத்தைப் பிடிக்கிறது. பழுதறி கருவிகள் பற்றிய நிபந்தனை பெரும்பாலும் அக்கொள்கையில்தான் காணப்படும்.

நிபந்தனை ஏன் தேவைப்படுகிறது

இணையத்தில் ஒரு பொதி போகும் வழியும் அதற்குரிய மறுமொழி திரும்பும் வழியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. போகும் வழியை அனுப்புபவரின் வலையமைப்பு தேர்கிறது. திரும்பும் வழியை மறுபக்க வலையமைப்பு தேர்கிறது. எனவே ஒரு பக்கத்தில் மட்டும் இருந்து சோதிப்பவருக்குப் பாதி வழியே தெரியும்.

செஞ்சிக் கோட்டை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று மலைகளை மதிலால் இணைத்துக் கட்டப்பட்டது. ராஜகிரியின் உச்சியில் நிற்பவருக்குக் கிருஷ்ணகிரியின் இப்பக்கச் சரிவு தெரியும். மறுபக்கச் சரிவில் நடப்பதை அங்கே நிற்பவரிடம் கேட்டுத்தான் அறியமுடியும். இரு வலையமைப்புகளின் நிலையும் இதுவே. மறுபக்கத்திலிருந்து பார்க்க வழியில்லாதபோது, "எங்கள் பக்கம் சரியாக உள்ளது" என்று இருவருமே உண்மையாகவே சொல்வார்கள். பழுது மட்டும் அப்படியே நீடிக்கும்.

கருவிகள்

பிங்: ஒரு முகவரிக்குச் சிறு பொதியை அனுப்பி, மறுமொழி வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று அளக்கும் நிரல். அமெரிக்க இராணுவத்தின் ஆய்வகம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் 1983 டிசம்பரில் இதை எழுதினார்.

டிரேஸ்ரூட்: வழியில் உள்ள திசைவிகளை ஒவ்வொன்றாகக் காட்டும் நிரல். 1980களின் பிற்பகுதியில் வான் ஜேக்கப்சன் உருவாக்கியது. ஒவ்வொரு பொதியிலும் 'எஞ்சிய தாவல்கள்' என்ற எண் இருக்கும். ஒவ்வொரு திசைவியும் அதில் ஒன்றைக் குறைக்கும். எண் பூச்சியமானால் பொதியைக் கைவிட்டு அனுப்பியவருக்குத் தகவல் தெரிவிக்கும். டிரேஸ்ரூட் முதலில் 1, பிறகு 2, பிறகு 3 என்று எண்ணை வைத்து அனுப்புவதால் முதல், இரண்டாம், மூன்றாம் திசைவிகள் வரிசையாகத் தம்மைக் காட்டிக்கொள்கின்றன.

லுக்கிங் கிளாஸ்: ஒரு வலையமைப்பின் திசைவி எந்த வழிகளை அறிந்துள்ளது என்பதை வெளியார் பார்க்க உதவும் பக்கம். இதில் ஒரு முகவரியைத் தந்தால், அத்திசைவி அம்முகவரியை எவ்வழியாக அடைகிறது என்று காட்டும். பெரும்பாலானவற்றில் அங்கிருந்தே பிங், டிரேஸ்ரூட் சோதனைகளையும் நடத்தலாம். எதையும் மாற்ற முடியாது; பார்க்க மட்டுமே முடியும். இதற்குரிய கட்டளைகளை ஒரே வடிவில் அமைக்கும் முயற்சியாக ஆர்.எஃப்.சி. 8522 என்ற ஆவணம் 2019 பிப்ரவரியில் வெளியானது.

இம்மூன்றில் முதலிரண்டையும் எவரும் தம் கணினியிலிருந்தே இயக்கலாம். மறுபக்கத்தார் அனுமதித்தால் மட்டுமே கிடைப்பது மூன்றாவது. நிபந்தனை தேவைப்படுவதும் அதற்காகவே.

நிபந்தனையின் வரலாறு

1990களில் அமெரிக்கப் பெரு வலையமைப்புகள் சில, வேறொரு வழியைக் கையாண்டன. 1981இல் வெளியான இணைய நெறிமுறை வரையறையிலேயே 'தளர் மூல வழியமைப்பு' என்ற வசதி இருந்தது. ஒரு பொதி இன்ன திசைவியைத் தொட்டுச் செல்ல வேண்டும் என்று அனுப்புபவரே குறிப்பிடலாம். இதைக் கொண்டு, மறுபக்கத்தின் எல்லைத் திசைவி வரை பொதியை அனுப்பி, அங்கிருந்து அது திரும்பி வரும் வழியையும் பார்க்க முடிந்தது. ஆகவே எல்லைத் திசைவிகளில் இவ்வசதி பழுதறிதலுக்காக இயங்க வேண்டும் என்று அக்காலக் கொள்கைகள் கேட்டன. மறுபக்கத்தார் தமக்குரியதல்லாத போக்குவரத்தைத் தம்மீது தள்ளிவிடுகிறார்களா என்று கண்காணிக்கவும் இது உதவியது.

அனுப்புபவரே வழியைத் தேர்வது தாக்குதல்காரர்களுக்கும் வசதியானது. பாதுகாப்பு அரண்களைச் சுற்றிச் செல்லவும், பிறர் முகவரியில் மறைந்துகொள்ளவும் அது பயன்பட்டது. அதனால் திசைவிகளில் இவ்வசதி படிப்படியாக அணைக்கப்பட்டது. புதிய இணைய நெறிமுறையான ஐபிவி6இல் இதற்கிணையான வசதி 2007 டிசம்பரில் கைவிடப்பட்டது. பழைய நெறிமுறையிலும் இத்தகைய பொதிகளைத் தடுத்துவிடுமாறு 2014இல் வெளியான ஆர்.எஃப்.சி. 7126 பரிந்துரைத்தது.

தேவை மறையாததால் வடிவம் மாறியது. "என் பொதி உன் திசைவி வழியாகச் செல்லட்டும்" என்ற கோரிக்கையின் இடத்தில் "உன் திசைவி காண்பதை எனக்கும் காட்டு" என்ற கோரிக்கை வந்தது. லுக்கிங் கிளாஸ் நிபந்தனை இவ்வாறு பரவியது.

உடன்பாடுகளில் இடம்பெறும் விதிகள்

நிறுவனத்திற்கு நிறுவனம் சொற்கள் மாறினாலும், இப்பொருள் பற்றிய விதிகள் பொதுவாகப் பின்வருமாறு அமைகின்றன.

1. லுக்கிங் கிளாஸ் அல்லது டிரேஸ்ரூட் வழங்கி ஒன்றைப் பொதுவாகவோ, குறைந்தபட்சம் இணைந்தவர்களுக்கு மட்டுமோ திறந்துவைத்தல்.
2. எல்லைத் திசைவிகளில் பிங், டிரேஸ்ரூட் பொதிகளை முற்றிலும் தடுக்காதிருத்தல். அளவுக்கு மீறினால் கட்டுப்படுத்தலாம்.
3. 24 மணிநேரமும் இயங்கும் வலையமைப்பு இயக்க மையம் வைத்திருத்தல். அதன் தொடர்பு விவரங்களை நடப்பில் வைத்திருத்தல்.
4. பழுது தெரிவிக்கும்போது இருபக்க டிரேஸ்ரூட் முடிவுகளையும் சோதித்த நேரத்தையும் சேர்த்து அனுப்புதல்.
5. மறுபக்கத்தார் அறிவிக்காத முகவரிகளுக்கான போக்குவரத்தை அவர்மீது தள்ளாதிருத்தல்.

2004இல் தொடங்கிய பியரிங்டிபி என்ற பொதுத் தரவுத்தளத்தில் வலையமைப்புகள் தம் இணைப்புக் கொள்கையைப் பதிவு செய்கின்றன. அப்பதிவிலேயே லுக்கிங் கிளாஸ் முகவரிக்குத் தனி இடம் உண்டு. இணைய விரும்பும் ஒருவர் முதலில் பார்ப்பது அப்பதிவையே. அந்த இடம் வெறுமையாக இருந்தால், பழுது நேரத்தில் மின்னஞ்சலையும் தொலைபேசியையும் நம்பியே இருக்க வேண்டிவரும் என்பது அவருக்குப் புரிந்துவிடும்.

வழியமைப்புப் பாதுகாப்புக்காக இன்டர்நெட் சொசைட்டி ஆதரவுடன் 2014இல் தொடங்கிய மேனர்ஸ் என்ற திட்டம், 2018இல் இணைய இணைப்பகங்களுக்கான பிரிவு ஒன்றையும் தொடங்கியது. அப்பிரிவின் ஐந்து செயல்களுள் ஒன்று, உறுப்பினர்களுக்குக் கண்காணிப்புக் கருவிகளையும் பழுதறி கருவிகளையும் வழங்குவது.

இந்தியாவில்

2003க்கு முன், இந்தியாவின் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் மற்றொரு இந்திய நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு அனுப்பும் மின்னஞ்சல் கூடப் பல வேளைகளில் வெளிநாடு சென்று திரும்பியது. இருவரும் தனித்தனியே வெளிநாட்டுக் கடவு இணைப்பு வாங்கியிருந்தார்களே தவிர, உள்நாட்டில் சந்திக்கும் இடம் இல்லை. இக்குறையைத் தீர்க்க, இலாப நோக்கற்ற நிறுவனமாக நிக்சி எனப்படும் இந்தியத் தேசிய இணைய இணைப்பகம் 2003 ஜூன் 19 அன்று பதிவு செய்யப்பட்டது. டெல்லியை அடுத்த நொய்டா, மும்பை, கொல்கத்தா ஆகியவற்றுடன் சென்னையும் அதன் தொடக்ககால இணைப்பகங்களுள் ஒன்று. தற்போது எக்ஸ்ட்ரீம் ஐஎக்ஸ், டிசிக்ஸ் போன்ற பிற இணைப்பகங்களும் சென்னையில் இயங்குகின்றன.

நிக்சி தன் இணையதளத்தில் லுக்கிங் கிளாஸ் வசதியை வைத்துள்ளது. இணைப்பகத்தின் திசைவிக்கு எந்த நிறுவனம் எந்த முகவரித் தொகுதிகளை அறிவித்துள்ளது என்பதை இத்தகைய வசதியால் அறியலாம். உறுப்பினர் ஒவ்வொருவரும் தனியே இக்கருவியை வைத்திராவிட்டாலும், இணைப்பகம் வைத்திருப்பது பொதுச் சாட்சியாக உதவுகிறது. எனினும் இணைப்பகத்தின் கருவி இணைப்பகத்தில் நடப்பதை மட்டுமே காட்டும். இணைந்த நிறுவனத்தின் உள்ளே அதன் திசைவி எவ்வழியைத் தேர்ந்தெடுத்தது என்பதை அந்நிறுவனத்தின் கருவிதான் காட்டமுடியும்.

இந்தியாவில் இணையச் சேவை உரிமம் நாடு முழுவதற்கும் ஏ பிரிவு, மாநில அளவிலான வட்டத்திற்கு பி பிரிவு, சிறிய பகுதிக்கு சி பிரிவு என வழங்கப்படுகிறது. பெரிய நிறுவனத்தின் பொறியாளர்கள் மறுபக்கப் பொறியாளர்களைத் தனிப்பட்ட முறையில் அறிந்திருப்பார்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் காரியம் முடிந்துவிடும். சி பிரிவு உரிமத்தில் சில ஆயிரம் இணைப்புகளை நடத்துபவருக்கு அந்த அறிமுகம் இருப்பதில்லை. திறந்திருக்கும் கருவி ஒன்றே அவர் கையில் உள்ள சான்று.

செஞ்சியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள செஞ்சி, சென்னையிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ 160 கி.மீ. தொலைவில் உள்ளது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கி.மீ., அதாவது ஒரு மில்லி நொடிக்கு 200 கி.மீ. செல்லும். எனவே செஞ்சியிலிருந்து சென்னைக்குப் போய்வர, கோட்பாட்டளவில் 1.6 மில்லி நொடி போதும். இழை சுற்றிச் செல்வதையும் திசைவிகளின் தாமதத்தையும் சேர்த்தாலும் சில மில்லி நொடிகளுக்குள் முடிந்துவிட வேண்டும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடி வடம் சுமார் 3,200 கி.மீ. நீளம் கொண்டது, போய்வர ஒளிக்கே 32 மில்லி நொடி பிடிக்கும். இந்த எளிய கணக்கு பழுதறிவதற்குப் பெரிதும் உதவும்.

செஞ்சியில் ஒரு சிறிய இணையச் சேவை நிறுவனம், சென்னை இணைப்பகம் ஒன்றில் ஒரு பெரிய வலையமைப்புடன் சக இணைப்பு வைத்திருப்பதாகக் கொள்வோம். கல்லூரிக் கட்டணம் செலுத்தும் கடைசி நாளில், அப்பெரிய வலையமைப்பில் உள்ள கட்டணப் பக்கம் மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது. மற்றத் தளங்கள் எல்லாம் நன்றாக வேலை செய்கின்றன. வாடிக்கையாளர்கள் உள்ளூர் நிறுவனத்தைத்தான் குறை கூறுவார்கள்.

பிங் சோதனையில், வழக்கமாக 8 மில்லி நொடி காட்டிய முகவரி இப்போது 75 மில்லி நொடி காட்டுகிறது. இடையிடையே மறுமொழி வருவதே இல்லை. டிரேஸ்ரூட்டில் வழி நேராகச் சென்னை இணைப்பகத்திற்கே செல்கிறது. பெரிய வலையமைப்பின் முதல் திசைவியைத் தொட்டவுடன் தாமதம் சட்டென்று உயர்கிறது. இதைப் பார்த்ததும் இணைப்பகத்து இணைப்பில் நெரிசல் என்று முடிவு கட்டத் தோன்றும். அது தவறாகவும் இருக்கலாம். டிரேஸ்ரூட் காட்டும் நேரத்தில் மறுமொழி திரும்பிவந்த நேரமும் அடங்கியுள்ளது. திரும்பிய வழியோ அதில் தெரிவதில்லை.

இப்போது பெரிய வலையமைப்பின் லுக்கிங் கிளாஸில் செஞ்சி வாடிக்கையாளரின் முகவரியைத் தந்து பார்த்தால், அவ்வலையமைப்பு அம்முகவரிக்குச் சென்னை வழியைப் பயன்படுத்தாமல் சிங்கப்பூர் வழியைப் பயன்படுத்துவது தெரிகிறது. உள்ளூர் நிறுவனம் அண்மையில் பெற்ற புதிய முகவரித் தொகுதி, மறுபக்கத்தின் ஏற்புப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. எனவே சென்னையில் வந்த அறிவிப்பை அது ஏற்கவில்லை. கடவு இணைப்பு மூலம் சிங்கப்பூரில் கேட்ட அறிவிப்பையே நம்பியது. பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் பழுது நீங்கிவிடும்.

லுக்கிங் கிளாஸ் இல்லையென்றால் என்ன ஆகும்? உள்ளூர் நிறுவனம் தன் திசைவியை மாற்றிப் பார்க்கும், இழையைச் சோதிக்கும், பெரிய வலையமைப்புக்கு மின்னஞ்சல் அனுப்பும். "எங்கள் பக்கம் எல்லாம் இயங்குகிறது" என்ற பதில் வரும். அதற்குள் கட்டணம் கட்டும் நாள் கடந்திருக்கும். இங்கு யாரும் பொய் சொல்லவில்லை. பழுது இருந்த இடத்தை எவரும் பார்க்கவில்லை என்பதே சிக்கல்.

பெரிய அளவிலான நிகழ்வுகள்

2021 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் வோடஃபோன் ஐடியா நிறுவனத்தின் ஏஎஸ்55410 வலையமைப்பு, தனக்குரியதல்லாத 30,000க்கும் மேற்பட்ட முகவரித் தொகுதிகளைத் தனது என்று தவறுதலாக அறிவித்தது. உலகின் பல பகுதிகளுக்குரிய போக்குவரத்து சிறிது நேரம் அதை நோக்கித் திரும்பியது. வழி அறிவிப்புகளைப் பொதுவில் காட்டும் கருவிகள் இருந்ததால், தவறு எந்த எண்ணிலிருந்து வந்தது என்பது விரைவில் தெரிந்தது.

அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று இந்திய நேரப்படி இரவு 9 மணிக்குப் பின் முகநூல், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகியவை உலகெங்கும் சுமார் ஆறு மணிநேரம் முடங்கின. பலரும் தம் வீட்டு இணைப்பு பழுதடைந்ததாக நினைத்தனர். முகநூலின் பெயர் வழங்கிகளுக்கான வழி அறிவிப்புகள் திரும்பப் பெறப்பட்டுவிட்டதை வெளியிலிருந்த பொறியாளர்கள் பொதுக் கருவிகள் மூலம் சில நிமிடங்களிலேயே கண்டனர். பராமரிப்புப் பணியில் நேர்ந்த தவறே காரணம் என்று அந்நிறுவனம் பின்னர் விளக்கியது.

வரம்புகளும் எதிர்வாதங்களும்

இக்கருவிகளைத் திறந்துவைக்கத் தயங்கும் நிறுவனங்களின் வாதத்திலும் பொருள் உண்டு. லுக்கிங் கிளாஸ் என்பது திசைவியுடன் பேசும் ஒரு வலைப்பக்கம். அந்நிரல் கவனக்குறைவாக எழுதப்பட்டால் திசைவிக்கே கதவாகிவிடும். பிரான்சின் யூரெகாம் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு, புழக்கத்திலிருந்த லுக்கிங் கிளாஸ் நிரல்களில் இத்தகைய ஓட்டைகள் இருப்பதைக் காட்டியது. போட்டியாளர்கள் தம் இணைப்புகளை அறிந்துகொள்வார்கள் என்ற தயக்கமும் உண்டு.

இதனால் சில நிறுவனங்கள் இடைப்பட்ட வழியைக் கையாளுகின்றன. உண்மையான எல்லைத் திசைவியை விடுத்து, வழி அறிவிப்புகளை மட்டும் பெறும் தனிக் கணினியில் கருவியை அமைக்கின்றன. கேள்விகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கின்றன. சில, இணைந்தவர்களுக்கு மட்டும் கடவுச்சொல் தருகின்றன.

கருவி தரும் முடிவைப் படிப்பதிலும் கவனம் தேவை. திசைவிகள் போக்குவரத்தைக் கடத்துவதற்கே முதலிடம் தருகின்றன. சோதனைப் பொதிகளுக்குத் தாமதமாகவே மறுமொழி தரும், அல்லது தராமலும் விடும். எனவே டிரேஸ்ரூட்டின் நடுவில் உடுக்குறிகள் தோன்றுவது பழுதின் அறிகுறி அன்று. நடுவில் உள்ள ஒரு திசைவி இழப்பைக் காட்டி, கடைசி முகவரி இழப்பில்லாமல் மறுமொழி தந்தால், வழி நன்றாகவே உள்ளது. சில வலையமைப்புகளின் உள் அமைப்பு இடைத் திசைவிகளை மறைத்துவிடுவதும் உண்டு.

கருவி கிடைக்காத இடங்களில் பிற பொது ஏற்பாடுகள் ஓரளவு உதவுகின்றன. அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தின் ரூட் வியூஸ் திட்டம் உலகின் பல வலையமைப்புகளின் வழி அறிவிப்புகளைத் திரட்டி வெளியிடுகிறது. 2010இல் தொடங்கிய ரைப் அட்லஸ் திட்டத்தில் தன்னார்வலர்கள் தம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் சிறு சோதனைக் கருவிகளைப் பொருத்தியுள்ளனர். ஆயினும் இவை அருகில் நின்று பார்ப்பவை. குறிப்பிட்ட ஒரு திசைவியின் முடிவை அந்த வலையமைப்பின் கருவியே உறுதியாகக் காட்டும்.

பயனர் செய்யக்கூடியவை

ஒரு தளம் மட்டும் இயங்காதபோது, இணைப்பு வழங்குநரிடம் "இணையம் வரவில்லை" என்று மட்டும் சொல்வதைவிட, நான்கு விவரங்களைத் தருவது விரைவான தீர்வுக்கு உதவும்: இயங்காத தளத்தின் பெயர், சோதித்த நாளும் நேரமும், பயனரின் பொது ஐபி முகவரி, டிரேஸ்ரூட் முடிவு. விண்டோஸ் கணினியில் இக்கட்டளை டிரேசர்ட் என்ற பெயரில் உள்ளது. கைப்பேசித் தரவு இணைப்பில் அதே தளம் திறக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளலாம். திறந்தால், தளம் நன்றாக உள்ளது, பழுது வழியில் உள்ளது என்று கொள்ளலாம். புகார் எண்ணைக் கேட்டுப் பெறுவதும் அவசியம்.

லுக்கிங் கிளாஸில் பயனரின் முகவரியைத் தந்து திரும்பும் வழியைப் பார்ப்பது வழங்குநரின் பொறியாளர் செய்ய வேண்டிய வேலை. மறுபக்க வலையமைப்பு அக்கருவியைத் திறந்துவைத்திருந்தால் அவ்வேலை சில நிமிடங்களில் முடியும். திறந்துவைக்கச் செய்வதற்குத் தகுந்த நேரம், இருவரும் இணையப் பேசிக்கொண்டிருக்கும் தொடக்க நாள்களே. பழுது வந்தபின் கேட்டால் கிடைப்பது அரிது.